லெஸ்: பெரிய டெக்ஸ்ட் ஃபைல்களைப் படிக்கவும் தேடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு சின்ன சர்வரில் 3 ஜிபி லாக் ஃபைல் ஒன்றை எடிட்டரில் திறந்தேன். பிழை எந்த இடத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. எடிட்டர் முழு ஃபைலையும் நினைவகத்துக்குள் இழுக்கத் தொடங்கியது. நினைவகம் தீர்ந்ததும், லினக்ஸ் இடத்தைக் காலி செய்வதற்காக ஒரு ப்ராசஸை நிறுத்தியது. அது டேட்டாபேஸ். இணையதளம் அப்படியே நின்றுபோனது. எல்லாவற்றையும் மறுபடி ஓட வைத்த பிறகு பக்கத்தில் இருந்த சீனியர் கேட்டார்: "படிக்கத்தானே போறீங்க தம்பி, எடிட்டர் எதுக்கு? லெஸ் போடுங்க."

அன்றிலிருந்து லாக், கட்டமைப்பு ஃபைல், டேட்டாபேஸ் டம்ப், சிஎஸ்வி என எதைப் படிப்பதாக இருந்தாலும் எனக்கு முதலில், டெர்மினலில் ஓடும் லெஸ் என்ற இந்த நிரல்தான். அது முழு ஃபைலையும் ஏற்றிக்கொண்டு தொடங்குவதில்லை. திரைக்கு வேண்டிய பகுதியை மட்டும் படித்துக் காட்டும். 3 ஜிபி ஃபைல் கூட தட்டியவுடன் திறக்கும். அதைவிட முக்கியமாக, அதில் தெரியாமல் ஒரு எழுத்து கூட மாறாது. கை தவறி எந்தக் கீயைத் தட்டினாலும் ஃபைல் இருந்தபடியே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இந்த நிம்மதி பெரிது.

1978-இல் டேனியல் ஹால்பர்ட் பெர்க்லியில் 'மோர்' என்ற நிரலை எழுதினார். நீளமான டெக்ஸ்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும், ஆனால் முன்னால் மட்டுமே போகும். படித்ததைத் திரும்பிப் பார்க்க வழியில்லை. பின்னாலும் போகக்கூடிய ஒன்று வேண்டும் என்று மார்க் நூடெல்மன் 1983-85 காலத்தில் எழுதியதுதான் லெஸ். மோருக்கு எதிர்ப்பக்கம் போவதால் அந்தப் பெயர். இன்று லினக்ஸில் 'மேன்' கட்டளை காட்டும் உதவிப் பக்கங்களும், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி காட்டும் கமிட் வரலாறும் பெரும்பாலும் லெஸ் வழியாகத்தான் திரைக்கு வருகின்றன. அதனால் பலர் தெரியாமலேயே இதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள், 'க்யூ' அடித்து வெளியே வருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எழுதும் முறை பற்றி

கட்டளைகளையும் கீ பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். லெஸ் என்றால் எல், ஈ, எஸ், எஸ் என்ற நான்கு சிறிய எழுத்துகள். 'பெரிய ஜி' என்று சொன்னால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஜி. லெஸ்ஸில் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேலை முற்றிலும் வேறு, ஆகவே கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு, ஃபெடோரா, மேக் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இது ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகவோ, கிட் நிறுவும்போது கூடவே வரும் கிட் பேஷிலோ கிடைக்கும். ஆல்பைன் போன்ற சிறிய கன்டெய்னர்களில் இருப்பது பிஸிபாக்ஸின் சுருக்கமான லெஸ். பெயர் ஒன்றுதான், ஆனால் கீழே சொல்லும் வசதிகளில் பல அதில் இருக்காது.

முதல் படி: திறப்பது, நகர்வது, வெளியே வருவது

ஒரு ஃபைலைத் திறக்க:

லெஸ் /வார்/லாக்/சிஸ்லாக்

ரெட் ஹேட் வகைகளில் சிஸ்லாக் என்பதற்குப் பதில் மெசேஜஸ் என்று இருக்கும்.

ஸ்பேஸ் பார் அடித்தால் ஒரு திரை முன்னே. 'பேக்' என்பதன் முதல் எழுத்தான பி அடித்தால் ஒரு திரை பின்னே. ஒவ்வொரு வரியாக நகர 'ஜே', 'கே', அல்லது அம்புக் கீகள். எனக்குப் பிடித்தவை 'டி', 'யூ' என்ற இரண்டும்: முதலாவது அரைத் திரை கீழே போகும், மற்றது அரைத் திரை மேலே. முழுத் திரையாகத் தாவினால் கண்ணுக்குத் தொடர்ச்சி விட்டுப்போகும். அரைத் திரையில் பழைய வரிகள் பாதி அங்கேயே நிற்பதால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

'சிறிய ஜி' அடித்தால் ஃபைலின் தொடக்கம், 'பெரிய ஜி' அடித்தால் கடைசி. முன்னால் எண் சேர்த்து 500 என்று அடித்து 'சிறிய ஜி' தட்டினால் 500-ஆவது வரி. 50 என்று அடித்து % தட்டினால் ஃபைலின் நடுப்பகுதி. பல லட்சம் வரிகள் உள்ள லாக்கில் ஏறத்தாழ எந்த நேரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தச் சதவீதத் தாவல் மிகவும் உதவும். நடுவுக்குப் போய் நேரத்தைப் பாருங்கள், தேவைப்பட்டால் 75%, அப்புறம் 60%. நாலைந்து தாவலில் வேண்டிய இடத்துக்கு வந்துவிடலாம்.

எங்கே இருக்கிறோம் என்று பார்க்க = கீ. ஃபைல் பெயர், வரி எண், மொத்த அளவு, சதவீதம் எல்லாம் கீழே வரும். மிகப் பெரிய ஃபைலில் வரி எண்களைக் கணக்கிடவே நேரம் எடுக்கும். காத்திருக்க முடியாவிட்டால் கன்ட்ரோல்-சி அடியுங்கள். கணக்கிடுவது மட்டும் நிற்கும், நீங்கள் லெஸ்ஸுக்குள்ளேயே இருப்பீர்கள்.

வெளியே வர 'க்யூ'. உதவிக்கு 'ஹெச்'.

நீண்ட வரிகள்

ஜேசன் லாக், சிஎஸ்வி போன்றவற்றில் ஒரு வரியே பத்துத் திரை வரிகளாக மடங்கி வரும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. உள்ளே இருக்கும்போதே கழித்தல் குறி அடித்து, அடுத்து 'பெரிய எஸ்' அடித்து, என்டர் தட்டுங்கள். இப்போது ஒரு வரிக்கு ஒரு திரை வரிதான். மீதி வலப்பக்கம் மறைந்திருக்கும், வலது அம்புக் கீயால் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கலாம். மறுபடி அதையே அடித்தால் பழைய நிலை.

இதே போல பெரும்பாலான ஆப்ஷன்களை ஃபைலை மூடாமலேயே மாற்ற முடியும். கழித்தல் குறியும் 'பெரிய என்'னும் சேர்த்து அடித்தால் வரி எண்கள் தோன்றும்.

தேடுவது

லெஸ்ஸின் உயிர் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சாய்கோடு / அடித்து, வேண்டிய சொல்லைத் தட்டி, என்டர் அடித்தால் முன்னோக்கித் தேடும். கேள்விக்குறி ? அடித்துத் தொடங்கினால் பின்னோக்கி. அடுத்த இடத்துக்கு 'சிறிய என்', எதிர்த் திசையில் 'பெரிய என்'. கிடைத்த சொல்லெல்லாம் நிறம் மாறித் தெரியும். அந்த நிறம் கண்ணை உறுத்தினால் எஸ்கேப் அடித்து 'யூ' தட்டுங்கள், மறைந்துவிடும்.

லாக் படிக்கும்போது பெரும்பாலும் நமக்கு வேண்டியது கடைசியாக வந்த பிழை. எனவே முதலில் 'பெரிய ஜி', பிறகு ? போட்டு பின்னோக்கித் தேடுங்கள். தொடக்கத்திலிருந்து தேடி 'சிறிய என்'னை நூறு தடவை தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் தேட கழித்தல் குறியோடு 'சிறிய ஐ'. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: நீங்கள் தேடும் சொல்லில் ஒரு பெரிய எழுத்தாவது இருந்தால் அது மறுபடி கறாராகிவிடும். எப்போதுமே பொருட்படுத்த வேண்டாம் என்றால் 'பெரிய ஐ'.

இப்போது ஒரு நிஜமான வேலையை எடுத்துக்கொள்வோம். மதியம் 2:30 மணிவாக்கில் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். வெப் சர்வரின் அக்சஸ் லாக்கைத் திறக்கிறீர்கள். முதல் பொறி இங்கேயே இருக்கிறது: பல சர்வர்களில் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம், இலங்கை நேரம் இரண்டும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. ஆகவே 14:30 என்று தேடினால் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்பீர்கள். தேட வேண்டியது 09:00. லாக் வரியில் நேரத்துக்குப் பக்கத்தில் +0000 என்று இருந்தால் யூடிசி, +0530 என்று இருந்தால் நம் நேரம்.

சரி, 9 மணி முதல் 9:05 வரையிலான வரிகளைப் பிடிக்க:

/:09:0[0-5]:

சதுர அடைப்புக்குள் இருப்பது 0 முதல் 5 வரை ஏதாவது ஓர் இலக்கம் என்று பொருள். முன்னும் பின்னும் உள்ள முக்காற்புள்ளிகள் வேறெங்கோ வரும் 09-ஐ ஒதுக்கிவிடும். லெஸ்ஸில் தேடல் சொல் என்பது எப்போதும் இப்படிப்பட்ட ஒரு வடிவம், அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். அதனால் புள்ளிக்கும் அங்கே தனிப் பொருள் உண்டு: 'எந்த எழுத்தானாலும் சரி'. ஐபி முகவரி 10.0.1.5 என்று நேரடியாகத் தேடினால் 10.0.145 என்ற துண்டும் அகப்படும். புள்ளியை அப்படியே புள்ளியாகத் தேட அதன் முன் \ போட வேண்டும். அல்லது / அடித்தவுடன் கன்ட்ரோல்-ஆர் தட்டுங்கள், அந்த ஒரு தேடலுக்கு எல்லா எழுத்தும் உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளப்படும்.

அந்த ஐந்து நிமிடத்தில் சர்வர் பக்கப் பிழைகள் மட்டும் வேண்டும். அவை 500, 502, 504 போன்ற எண்களாக இருக்கும். வெறும் 50 என்று தேடினால் ஃபைல் அளவு, முகவரி என்று எல்லாவற்றிலும் இருக்கும். அக்சஸ் லாக்கின் வழக்கமான அமைப்பில் நிலை எண்ணுக்கு முன் ஒரு மேற்கோள் குறியும் இடைவெளியும் வரும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்:

&" 50[0-9] 

கடைசி அடைப்புக்குப் பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். முன்னால் இருக்கும் & குறிதான் லெஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது. / என்பது தேடி அந்த இடத்துக்குப் போகும். & என்பது பொருந்தாத வரிகளை எல்லாம் மறைத்து, பொருந்துபவற்றை மட்டும் திரையில் வைக்கும். & அடித்தவுடன் ! சேர்த்தால் தலைகீழ்: பொருந்தும் வரிகள் மறையும். ஒரே சத்தமாக வந்துகொண்டிருக்கும் ஹெல்த் செக் வரிகளைத் தள்ளிவிட்டு மீதியைப் படிக்க அது நல்ல வழி.

வடிகட்டியை எடுக்க & அடித்து வெறும் என்டர். இதைத்தான் கிரெப் என்ற தேடல் கட்டளையால் செய்ய முடியாது. கிரெப் பொருந்திய வரிகளைப் பிடுங்கிக் கையில் தரும். அக்கம்பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க முன்பின் எத்தனை வரி வேண்டும் என்ற எண்ணை மாற்றி மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். லெஸ்ஸில் வடிகட்டியைப் போட்டு, சந்தேகப்படும் வரியைத் திரையின் உச்சிக்குக் கொண்டுவந்து, வடிகட்டியை எடுத்தால் போதும், அதே இடத்தில் அதன் அக்கம்பக்கத்தோடு நிற்கலாம். கிரெப்பையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அது வரி எண் 48213 என்று சொன்னால்:

லெஸ் +48213 அக்சஸ்.லாக்

நேராக அந்த வரியில் திறக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை அலைக்கழிப்பது. தேடிக் கிடைத்த வரியை லெஸ் திரையின் உச்சியில் வைக்கும். பிழையின் காரணமோ பெரும்பாலும் அதற்கு முந்தைய வரிகளில்தான் இருக்கும். டேட்டாபேஸ் இணைப்பு மறுக்கப்பட்டது என்ற வரி மேலே மறைந்திருக்க, அதன் விளைவாக வந்த 500 பிழை மட்டும் கண்ணில் படும். கழித்தல் குறி, 'சிறிய ஜே', 10 என்று கொடுத்துவிட்டால் கிடைத்த வரி பத்தாவது திரை வரியில் நிற்கும், மேலே ஒன்பது வரிகள் தெரியும். நான் இதை நிரந்தரமாகவே வைத்திருக்கிறேன்.

குறி வைப்பதும் வெட்டி எடுப்பதும்

முக்கியமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், ஆனால் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. 'சிறிய எம்' அடித்து அடுத்து ஏதாவது ஓர் எழுத்து, சொல்லப்போனால் 'ஏ', தட்டுங்கள். அந்த இடத்துக்கு 'ஏ' என்று குறி விழுந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் ஒற்றை மேற்கோள் குறியும் 'ஏ'யும் அடித்தால் திரும்பி வரலாம். குறி வைக்க மறந்துவிட்டால் ஒற்றை மேற்கோளை இரண்டு தடவை தட்டுங்கள், பெரிய தாவலுக்கு முன் இருந்த இடத்துக்குப் போகும்.

குறியிலிருந்து இப்போது நிற்கும் திரை வரையிலான பகுதியைத் தனி ஃபைலாக எடுக்கவும் முடியும். செங்குத்துக் கோடு | அடித்து, 'ஏ' அடித்து, பிறகு இதைத் தட்டுங்கள்:

கேட் > பிழை.டெக்ஸ்ட்

3 ஜிபி லாக்கில் தேவையான 40 வரிகளை மட்டும் சக ஊழியருக்கு அனுப்ப இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓடும் லாக்கைப் பார்ப்பது

'பெரிய எஃப்' அடித்தால் லெஸ் ஃபைலின் கடைசிக்குப் போய், புதிதாக வரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். பலர் இதற்கு டெய்ல் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஏதாவது கண்ணில் பட்டால் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தி, மேலே போய்த் தேடிப் பார்த்துவிட்டு, மறுபடி 'பெரிய எஃப்' தட்டித் தொடரலாம். தொடக்கத்திலேயே அந்த நிலையில் திறக்க:

லெஸ் +எஃப் எரர்.லாக்

இங்கே எஃப் பெரிய எழுத்து. இரவில் லாக் ஃபைல் மாற்றப்படும்போது, பழையது வேறு பெயருக்குப் போய்ப் புதியது உருவாகும். லெஸ் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும், திரையில் எதுவும் வராது. சர்வர் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள் என்றால் --ஃபாலோ-நேம் என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் திறங்கள், புதிய ஃபைலுக்குத் தானே மாறிக்கொள்ளும்.

பல ஃபைல்கள், சுருக்கிய ஃபைல்கள், குழாய் வழி வருபவை

ஒரே கட்டளையில் பல ஃபைல் பெயர்களைக் கொடுக்கலாம். முக்காற்புள்ளியும் 'என்'னும் அடித்தால் அடுத்த ஃபைல், முக்காற்புள்ளியும் 'ப்ரீவியஸ்' என்பதன் பியும் அடித்தால் முந்தையது. எல்லா ஃபைலிலும் தொடர்ந்து தேட, / அடித்தவுடன் * சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைல் முடிந்ததும் தேடல் அடுத்ததற்குள் போகும்.

ஜிஸிப் செய்யப்பட்ட பழைய லாக்குகளை விரிக்க வேண்டியதில்லை, 'ஸெட்லெஸ்' என்ற கட்டளையால் அப்படியே திறக்கலாம். வேறொரு கட்டளையின் வெளியீட்டையும் | வழியாக லெஸ்ஸுக்குள் விடலாம். அப்படி வந்ததைச் சேமிக்க நினைத்தால் 'சிறிய எஸ்' அடித்து ஃபைல் பெயர் கொடுங்கள். திரையில் நிறங்களுக்குப் பதில் ஈஎஸ்சி என்று தொடங்கும் குப்பை தெரிந்தால் கழித்தல் குறியோடு 'பெரிய ஆர்' கொடுக்க வேண்டும்.

நிரந்தர அமைப்பு

பிடித்த ஆப்ஷன்களை ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை. உங்கள் ஷெல்லின் தொடக்க ஃபைலில், பேஷ் என்றால் பேஷ்ஆர்சி-யில், லெஸ் என்ற சூழல் மாறியில் எழுதி வைக்கலாம். மாறியின் பெயர் நான்கும் பெரிய எழுத்து:

எக்ஸ்போர்ட் லெஸ்="-எஃப் -ஆர் -எக்ஸ் -எம் -ஐ -ஜே10"

இதில் எஃப், ஆர், எக்ஸ், எம் நான்கும் பெரிய எழுத்து. ஐயும் ஜேயும் சிறியவை. 'எம்' கீழ்வரியில் வரி எண்ணையும் சதவீதத்தையும் எப்போதும் காட்டும். 'எஃப்' ஒரே திரையில் முடிந்துவிடும் ஃபைலைக் காட்டிவிட்டுத் தானே வெளியேறும். 'எக்ஸ்' வெளியே வந்த பிறகும் படித்ததைத் திரையில் விட்டுவைக்கும்.

முதல் மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இந்த மாறியை நீங்கள் வைக்கவே இல்லை என்றால் கிட் தானே அந்த மூன்றையும் போட்டுக்கொள்ளும். நீங்கள் ஏதாவது வைத்துவிட்டால் அது தலையிடாது. 'ஆர்' இல்லாமல் எழுதி வைத்துவிட்டு, கிட் திடீரென்று நிறங்களைக் குப்பையாகக் காட்டுகிறதே என்று கிட்டின் அமைப்பில் மணிக்கணக்காகத் தேடுவது நடக்கும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். லெஸ் நீங்கள் தேடிய சொற்களை உங்கள் ஹோம் அடைவில் ஒரு மறைந்த ஃபைலில் சேமிக்கும். பாஸ்வேர்டையோ டோக்கனையோ தேடியிருந்தால் அதுவும் அங்கே இருக்கும். லெஸ்ஹிஸ்ட்ஃபைல் என்ற மாறியில் ஒரு கழித்தல் குறியை மட்டும் வைத்தால் சேமிக்காது. அடுத்தது இன்னும் முக்கியம். லெஸ்ஸுக்குள்ளிருந்து ! அடித்து எந்தக் கட்டளையையும் ஓட்டலாம், 'வி' அடித்து எடிட்டரையும் திறக்கலாம். ஆகவே, லாக்கைப் பார்க்க மட்டும்தானே என்று ஒருவருக்கு சூடோவில் (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) லெஸ்ஸுக்கு அனுமதி கொடுத்தால், முழு ரூட் அதிகாரத்தையே, அதாவது நிர்வாகி அதிகாரத்தையே, கொடுத்ததாகிவிடும். லாக்கைப் படிக்கும் உரிமையுள்ள குழுவில் அவரைச் சேர்ப்பதுதான் சரியான வழி. உபுண்டுவில் அந்தக் குழுவின் பெயர் ஏடிஎம்.

தமிழ் ஃபைல்களில் தேடுவது

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தமிழ் இலக்கியங்கள், அகராதிகள் எல்லாம் இன்று யூனிகோட் டெக்ஸ்டாகக் கிடைக்கின்றன. அவற்றை லெஸ்ஸில் படிக்கலாம், தேடலாம். ஆனால் தமிழின் இயல்பைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

முதலில், திறந்தவுடன் தமிழுக்குப் பதில் கோண அடைப்புகளுக்குள் ஈ0, ஏஈ, 95 என்று வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபைல் கெடவில்லை. அந்த மூன்றும் சேர்ந்தது 'க' என்ற எழுத்து. டெர்மினலின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லை என்பதுதான் பிரச்சினை. லெஸ்சார்செட் என்ற மாறியில் யூடிஎஃப்-8 என்று வைத்தால் திரையில் தமிழ் வந்துவிடும். ஆனால் தேடலும் எழுத்தெழுத்தாகச் சரியாக நடக்க வேண்டுமானால் லோகேல் எனப்படும் அந்த மொழி அமைப்பையே யூடிஎஃப்-8 ஆக மாற்றுவது நல்லது. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் கொஞ்சம் விலகித் தெரியும். தோற்றம் அப்படி இருந்தாலும் தேடல் எழுத்தின் குறியீட்டை வைத்து நடப்பதால் சரியாகவே வேலை செய்யும்.

தேடும்போது / அடித்து, தமிழ் விசைப்பலகைக்கு மாறிச் சொல்லைத் தட்டி, என்டர் அடித்தபின் மறுபடி ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். மாறாமல் 'என்' கீயைத் தட்டினால் தமிழ் எழுத்துதான் போகும், அடுத்த இடத்துக்கு நகராது.

இப்போது முக்கியமான விஷயம். யூனிகோடில் 'ல்' என்பது ஓர் எழுத்தல்ல, 'ல' என்பதும் அதன் மேல் புள்ளியும். 'லி' என்பது 'ல'வும் இகரக் குறியும். ஆகவே கடல் என்று தேடினால் 'கடலில்', 'கடலுக்கு' எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு இப்படித் தேடுங்கள்:

/கடல

கடல், கடலில், கடலுக்கு எல்லாம் வந்துவிடும். நிலக்கடலையும் கூடவே வரும், பரவாயில்லை. அதே போல வீடு என்பதற்கு 'வீட' என்று தேடினால் வீட்டில், வீட்டுக்கு எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் கடற்கரை? அங்கே 'ல்' திரிந்து 'ற்' ஆகிவிட்டது. அதற்கு:

/கட[லற]

மரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் மரத்தை, மரங்கள் என்று மகரம் போய் வேறு எழுத்து வரும். வெறும் 'மர' என்று தேடினால் மரபும் மரணமும் குறுக்கே வரும். மர[மதங] என்று கொடுத்தால் தேவையானவை மட்டும் நிற்கும்.

பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வந்த ஃபைல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் ஆகாரக் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, லெஸ்ஸுக்கு வேறு வேறு. கண்ணெதிரே 'கொடி' இருக்கும், தேடினால் இல்லை என்று சொல்லும். அப்போது 'க..?டி' என்று தேடுங்கள். நடுவில் ஒரு குறி இருந்தாலும் இரண்டு இருந்தாலும் பிடிக்கும்.

கடைசியாக, திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 133 அதிகாரம், 1330 குறள், லெஸ்ஸுக்கு மிகச் சிறிய ஃபைல். அறம் என்ற கருத்து வரும் வரிகளை மட்டும் பார்க்க ஆசை. 'அறம்' என்று தேடினால் 'அறன்' போய்விடும், 'அறத்தான்' போய்விடும், 'அறவாழி' போய்விடும். 'அற' என்று சுருக்கினால் அறிவும் அறியாமையும் திரையை நிரப்பும். அற[மனதவ] என்று கொடுத்தால் ஏறத்தாழ எல்லாம் அகப்படும். ஆனால் 34-ஆவது குறளில் வள்ளுவர் 'அனைத்தறன்' என்கிறார். அனைத்து, அறன் இரண்டும் புணர்ந்ததில் அகரமே எழுத்தில் இல்லாமல் தகரத்துக்குள் போய்விட்டது. அதிகாரப் பெயர்களும் பால், இயல் தலைப்புகளும் சேர்ந்த ஃபைல் என்றால் இல்லறத்தில் லகரத்துக்குள்ளும், துறவறத்தில் வகரத்துக்குள்ளும் அதே அகரம் ஒளிந்திருக்கும். அதனால் முன்னெழுத்துக்கும் இடம் விட்டு இப்படிக் கொடுக்க வேண்டும்:

&[அதலவ]ற[மனதவ]

என்டர் அடித்தவுடன் அந்த வரிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். 34-ஆவது குறளின் முதல் அடியும் அவற்றில் இருக்கும். அதைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோய், & அடித்து வெறும் என்டர் தட்டினால், அடுத்த அடியும் சேர்ந்து முழுக் குறளாகத் தெரியும்.